சர்வோ நடுங்கினால் முதலில் பவரைப் பாருங்கள்

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டாரான சர்வோ ஒன்றை, நாம் எழுதும் ப்ரோகிராமை ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோவில் மாட்டி, அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி. சிக்கல் இரண்டாவது சர்வோவில் ஆரம்பிக்கும். மூன்றாவதையும் மாட்டினால் ரோபோ கை நடுங்கும். பாதி தூரம் போய் நின்றுவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். யுஎஸ்பி கழன்றபோது வருகிற சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வரும். அப்போது பெரும்பாலானவர்கள் ப்ரோகிராமைத் திருத்த உட்காருகிறார்கள். நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வரி வரியாக மாற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பழைய ப்ரோகிராமையே திரும்பப் போட்டு, சர்வோக்களுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்தேன். நடுக்கம் நின்றுவிட்டது.

அந்தத் தனி பவர் சப்ளையை எப்படிக் கணக்குப் போட்டு, எதைத் தேர்ந்தெடுத்து, எப்படி வயர் பண்ணுவது என்பதை ஒரு சின்ன ரோபோ கையை வைத்துச் சொல்கிறேன். தோளுக்கு எம்ஜி996ஆர் என்ற பெரிய சர்வோ ஒன்று. அடிப்பாகம் சுழல எஸ்ஜி90 என்ற குட்டி சர்வோ ஒன்று. பொருளைப் பிடிக்கும் விரல்களுக்கு இன்னொரு எஸ்ஜி90. மூளையாக ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு. உங்களிடம் இருப்பது வேறு சர்வோவாக இருந்தாலும் இதே வழியில் போகலாம், எண்கள் மட்டும் மாறும்.

போர்டிலிருந்தே எடுத்தால் என்ன ஆகும்

சர்வோவுக்குள் ஒரு குட்டி டிசி மோட்டார், பல்சக்கரங்கள், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு பொட்டென்ஷியோமீட்டர், இவற்றை நடத்த ஒரு சின்ன சர்க்யூட் எல்லாம் இருக்கின்றன. சிக்னல் வயரில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஒரு துடிப்பு வரும். அதன் நீளம் 1 மில்லிசெகண்ட் என்றால் ஒரு ஓரம், 2 மில்லிசெகண்ட் என்றால் மறு ஓரம். சிக்னலுக்குக் கரண்ட் ஒரு பொருட்டே இல்லை. கரண்ட்டைத் தின்பதெல்லாம் மோட்டார்தான்.

மோட்டார் எப்படித் தின்கிறது என்பதுதான் இந்த வேலையின் மையம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தனக்குள் ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொள்கிறது. வரும் கரண்ட்டை அதுவே மட்டுப்படுத்துகிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்த எதிர் வோல்டேஜ் கிடையாது. உள்ளே சுற்றிய செம்புக் கம்பியின் சொற்ப ஓம்தான் தடை. அதனால் மோட்டார் முட்டிக்கொண்டு நிற்கும்போது கரண்ட் உச்சத்துக்குப் போகும். இதைத்தான் ஸ்டால் கரண்ட் என்கிறார்கள். "என் கை எங்கேயும் முட்டுவதே இல்லையே" என்று நினைக்கலாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் நின்ற நிலையிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த முதல் கணத்தில் அது இழுப்பது ஏறக்குறைய ஸ்டால் கரண்ட்டையே. ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று மறுபக்கம் திரும்பச் சொன்னால் இழுப்பு அதைவிடக் கூடும்.

இப்போது போர்டுக்கு வருவோம். ஊனோவின் யுஎஸ்பி வழியில் 500 மில்லிஆம்பியர் அளவுக்கு, தானே மீளும் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு எஸ்ஜி90 முட்டி நின்றாலே சுமார் 700 மில்லிஆம்பியர் இழுக்கும். கிளம்பும் இழுப்பு கண நேரம்தான் என்பதால் ஒரு சர்வோ மட்டும் இருக்கும்வரை எப்படியோ ஓடிவிடும். இரண்டு மூன்று சர்வோக்கள் சேர்ந்து கிளம்பினால் 5 வோல்ட் லைன் அப்படியே அமுங்கும். அதே லைனில்தான் போர்டின் சிப்பும், கம்ப்யூட்டரோடு பேசும் சிப்பும் உயிர் வாழ்கின்றன. அவை ரீசெட் ஆகின்றன, ப்ரோகிராம் முதலிலிருந்து ஓடுகிறது, கை பழைய இடத்துக்குத் திரும்புகிறது, மறுபடி கிளம்பும்போது மறுபடி அமுங்குகிறது. நீங்கள் பார்க்கும் நடுக்கம் இதுதான். போர்டில் 'எல்' என்று எழுதிய சின்ன விளக்கைக் கவனியுங்கள். சர்வோ கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது படபடவென்று மின்னினால் போர்டு ரீசெட் ஆகிறது என்று அர்த்தம்.

"போர்டின் வட்ட சாக்கெட்டில் 12 வோல்ட் அடாப்டர் செருகினால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. போர்டில் இருப்பது லீனியர் ரெகுலேட்டர். மிச்ச வோல்டேஜை அது வெப்பமாக எரித்துத் தள்ளும். 12-லிருந்து 5-க்கு இறக்கினால் மிச்சம் 7 வோல்ட். அரை ஆம்பியர் ஓடினாலே 3.5 வாட் வெப்பம், அதுவும் சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பில். தொட்டால் சுடும், அப்புறம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

கணக்கு

சர்வோவின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில், ஓடும் கரண்ட், ஸ்டால் கரண்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். கணக்குக்கு ஸ்டால் கரண்ட்டையே எடுங்கள். ஓடும் கரண்ட்டை வைத்து அடாப்டர் வாங்கியவர்கள்தான் இரண்டாவது அடாப்டர் வாங்க அலைகிறார்கள்.

எம்ஜி996ஆர், 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஸ்டால். ஸ்டால் கரண்ட் வோல்டேஜோடு கூடவே ஏறி இறங்கும், அதனால் 5 வோல்ட்டில் சுமார் 2.1 ஆம்பியர். எஸ்ஜி90 இரண்டுக்கும் தலா 0.7. மொத்தம் 3.5 ஆம்பியர். மேலே கால் பங்கு தாராளம் விட்டால் 4.4. கடையில் அந்த எண்ணில் எதுவும் கிடைக்காது. அடுத்த அளவான 5 வோல்ட் 5 ஆம்பியரை வாங்கலாம்.

பத்துப் பன்னிரண்டு சர்வோ இருக்கும் நடக்கும் ரோபோவுக்கு எல்லாவற்றின் ஸ்டாலையும் கூட்டினால் எண் பயமுறுத்தும். அவ்வளவும் ஒரே கணத்தில் முட்டி நிற்பது அபூர்வம். அங்கே ஒரே நேரத்தில் பாரம் தாங்குபவை எத்தனை என்று பார்த்து அவற்றுக்கு ஸ்டால் கரண்ட்டையும், மற்றவற்றுக்கு ஓடும் கரண்ட்டையும் போட்டுக் கூட்டுவது என் வழக்கம். நாலைந்து சர்வோ வரைக்கும் அந்தச் சிக்கனம் வேண்டாம். முழு ஸ்டாலையும் கூட்டுங்கள்.

பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும், மலிவான சர்வோக்களில் போலிகள் அதிகம். டேட்டாஷீட்டை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, சர்வோவின் பிளஸ் வயருக்கு இடையில் தொடராக மாட்டுங்கள். சர்வோ திரும்பும்போது அதன் கையை விரலால் மெல்லத் தடுத்து, எண்ணைப் பார்த்ததும் விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால் பிளாஸ்டிக் பல் உடையும், இல்லையென்றால் மோட்டார் சூடாகும். மீட்டர் மெதுவாக அளக்கும் கருவி. கிளம்பும் கணத்து உச்சத்தை அது காட்டாது, தடுத்து நிறுத்திய நிலையைத்தான் காட்டும். நமக்கு அது போதும். அளந்து முடித்த கையோடு சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப்போனால் நேராக ஷார்ட்.

எத்தனை வோல்ட் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. இந்த இரண்டு ரகமும் 4.8 முதல் 6 வோல்ட் வரை நன்றாக ஓடும். 6 வோல்ட்டில் வேகமும் பலமும் கூடும். எம்ஜி996ஆரின் இழுவை 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ., 6 வோல்ட்டில் 11. ஆனால் முதல் ப்ராஜெக்ட்டுக்கு 5 வோல்ட்டே நல்லது. எளிதாகக் கிடைக்கும், சர்வோ குறைவாகச் சூடாகும், சிக்னலோடும் தகராறு வராது.

எதிலிருந்து எடுப்பது

மின்சாரம் கிடைக்கும் இடத்தில் மேசைமேல் இருக்கும் கை என்றால், மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வரும் 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர்தான் என் முதல் பரிந்துரை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகரப் பெட்டி பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) விலை குறைவு, பலமும் அதிகம். ஆனால் அதில் 230 வோல்ட் திருகுகளும் 5 வோல்ட் திருகுகளும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடக்கும். புதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்வேன்.

வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் ஒரு பக் கன்வெர்ட்டர் போர்டு போதும். லீனியர் ரெகுலேட்டர் போல இது மிச்சத்தை எரிக்காது. வேகமாக ஸ்விட்ச் பண்ணி வோல்டேஜைக் குறைக்கும், பதிலுக்குக் கரண்ட்டைக் கூட்டிக் கொடுக்கும். நமக்கு வேண்டியது 5 வோல்ட்டில் 3.5 ஆம்பியர், அதாவது 17.5 வாட். கன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போக வேண்டியது 20.6 வாட். 12 வோல்ட்டில் அது 1.7 ஆம்பியர்தான். ஆக 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரே கணக்குக்குச் சரியாக வரும். 3 ஆம்பியர் என்றால் நிம்மதி.

எந்தக் கன்வெர்ட்டர் என்பதில்தான் கவனம் வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் எல்எம்2596 போர்டின் சிப் 3 ஆம்பியருக்கானது. ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத சின்ன போர்டில் தொடர்ந்து 2 ஆம்பியருக்கு மேல் நான் நம்ப மாட்டேன். ஒரு எம்ஜி996ஆருக்கோ இரண்டு எஸ்ஜி90-க்கோ அது போதும். மூன்றும் சேர்ந்த நம் கைக்கு 5 ஆம்பியர் ரகமான எக்ஸ்எல்4015 போர்டை எடுங்கள். சிப்பின் மேல் ஒரு ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், கன்வெர்ட்டரை வாங்கி வந்ததும் சர்வோவை மாட்டிவிடாதீர்கள். முதலில் உள்ளே 12 வோல்ட் கொடுத்து, வெளியே மல்டிமீட்டரை மட்டும் மாட்டுங்கள். பெரும்பாலும் 11 சொச்சம் காட்டும். போர்டில் இருக்கும் நீலப் பெட்டியின் பித்தளைத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று திருப்பியும் எண் அசையாமல் இருக்கலாம். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது பல சுற்று திருப்ப வேண்டிய பிரீசெட், அதாவது வோல்டேஜை அமைக்கும் திருகு. பொறுமையாகத் திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு சுற்றில் சட்டென்று எண் இறங்கத் தொடங்கும். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி 5.1-இல் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் பையில் போட்டுத் தூக்கிப் போகும்போது நகராது.

7805 என்ற லீனியர் ரெகுலேட்டர் சிப் வேண்டாமா என்றால், வேண்டாம். சிப் 1.5 ஆம்பியர் வரை தரும் என்பது உண்மைதான். 9 வோல்ட்டிலிருந்து 1 ஆம்பியர் எடுத்தால் 4 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாமல் நின்றால் ஒரு வாட்டுக்கு 50 முதல் 65 டிகிரி வரை சூடேறும் உடம்பு அதற்கு. பெருக்கிப் பாருங்கள்.

நகரும் ரோபோவுக்கு பேட்டரிதான் வழி. இங்கே முதலில் சொல்ல வேண்டியது, அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுங்கள். அதன் உள் தடையே ஒன்றிரண்டு ஓம் இருக்கும். 1 ஆம்பியர் கேட்டாலே அதற்கு மூச்சு முட்டும். சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அல்கலைன் செல் நாலு வைத்தால் 6 வோல்ட் வரும், ஒன்றிரண்டு எஸ்ஜி90-க்குப் பரவாயில்லை. பெரிய சர்வோ 2 ஆம்பியர் இழுக்கும்போது அதுவும் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கும். சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் கரண்ட் தருவதில் கெட்டி. ஒன்றுக்கு 1.2 வோல்ட், நாலுக்கு 4.8, ஐந்துக்கு 6. 18650 என்ற லித்தியம் செல் இரண்டைத் தொடராக வைத்தால் முழு சார்ஜில் 8.4 வோல்ட். நேராகக் கொடுத்தால் எஸ்ஜி90 போய்விடும், நடுவில் பக் கன்வெர்ட்டர் கட்டாயம். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் லித்தியம் செல்லைத் தொடவே வேண்டாம். பவர் பேங்க்கும் உதவும், ஆனால் சர்வோக்கள் சும்மா நிற்கும்போது லோடு இல்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும் ரகங்கள் அதிகம்.

வயரிங்

எஸ்ஜி90, எம்ஜி996ஆர் இரண்டிலும் பழுப்பு வயர் கிரவுண்ட், சிவப்பு பிளஸ், ஆரஞ்சு சிக்னல். வேறு சில கம்பெனி சர்வோக்களில் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று வரும்.

அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து 5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் வழியாக எல்லா சர்வோக்களின் சிவப்பு வயருக்கும் போங்கள். அடாப்டரின் மைனஸிலிருந்து எல்லா பழுப்பு வயருக்கும் போங்கள். ஆரஞ்சு வயர்கள் ஆர்டுயினோவின் 9, 10, 11 பின்களுக்கு. ஒவ்வொரு ஆரஞ்சு வயரிலும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். சர்வோவுக்குப் பவர் இல்லாமல் ஆர்டுயினோ மட்டும் ஓடும் சமயத்தில் அது பின்னைக் காக்கும்.

கடைசியாக ஒரு வயர். அடாப்டரின் மைனஸிலிருந்து ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கு. புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். "தனித்தனி பவர் என்றுதானே சொன்னீர்கள், ஏன் சேர்க்க வேண்டும்?" என்று கேட்பது நியாயம். சிக்னல் 5 வோல்ட் என்றால் எதிலிருந்து 5 வோல்ட்? மாடியின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கிறோம். ஆர்டுயினோவுக்கு ஒரு தரை, சர்வோவுக்கு வேறு தரை என்றால் ஆர்டுயினோ சொல்லும் உயரம் சர்வோவுக்குப் புரியாது. சர்வோ அசையாமலே இருக்கும், இல்லை மனம்போன போக்கில் துடிக்கும். மைனஸ் சேர வேண்டும், பிளஸ் சேரவே கூடாது. இரண்டு பிளஸ்ஸையும் சேர்த்தால், ஒன்று 5.1, இன்னொன்று 4.9 என்று இருந்தாலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, சில சமயம் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வரைக்கும் கரண்ட் பின்னோக்கிப் பாயும்.

பழுப்பு வயர்கள் அடாப்டருக்கு நேராகப் போக வேண்டும், ஆர்டுயினோவின் கிரவுண்ட் பின் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. மோட்டாரின் கனமான கரண்ட் அந்த மெல்லிய வழியில் திரும்பினால் ஆர்டுயினோவின் 'தரை'யே ஏறி இறங்கும், மறுபடி நடுக்கம்தான்.

வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் சிக்னல்களை வையுங்கள், பவரை வைக்காதீர்கள். அதன் கிளிப்புகள் 1 ஆம்பியர் அளவுக்குத்தான் பழக்கப்பட்டவை. ஜம்பர் வயரும் அப்படித்தான். போக வர 40 செ.மீ. மெல்லிய வயர் என்றால் சுமார் 0.1 ஓம், 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.2 வோல்ட் போய்விடும். முனைகளின் தளர்வு வேறு. பவருக்கு அரை சதுர மி.மீ. பல இழை வயரும் திருகு டெர்மினலும் பயன்படுத்துங்கள். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

கெப்பாசிட்டர்

சர்வோக்களின் பிளஸ், மைனஸ் சேரும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும், பக்கத்திலேயே 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் வையுங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி மாட்டினால் வெடிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

ஆனால் கெப்பாசிட்டர் பலவீனமான அடாப்டரைப் பலமாக்கும் என்று நம்ப வேண்டாம். 1000 மைக்ரோஃபாரடிலிருந்து 2 ஆம்பியரை ஒரே ஒரு மில்லிசெகண்ட் எடுத்தால் 2 வோல்ட் இறங்கிவிடும். மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரம் என்றால் 0.2 வோல்ட்தான் இறங்கும், அது பரவாயில்லை. குழாயில் தண்ணீர் வந்து சேரும்வரை சமாளிக்க வைத்த சொம்பு அது. குழாயே இல்லாத வீட்டில் சொம்பு எத்தனை நேரம் தாங்கும்?

ஓட்டிப் பார்ப்பது

முதலில் சர்வோ எதையும் மாட்டாமல் டெர்மினலில் வோல்டேஜைப் பாருங்கள். 5-க்குக் கிட்டே இருக்க வேண்டும், பிளஸ் மைனஸ் மாறியிருக்கக் கூடாது. அப்புறம் ஒரு எஸ்ஜி90-ஐ மட்டும் மாட்டி ஓட்டுங்கள். அது சரி என்றால் அடுத்தது. எம்ஜி996ஆர் கடைசி.

மூன்றும் ஓடும்போது மீட்டரின் முனைகளை அடாப்டர் பக்கம் வைக்காமல், சர்வோவின் கனெக்டர் கிட்டே வைத்து அளங்கள். தோள் பாரத்தைத் தூக்கும்போது 4.8-க்குக் கீழே எண் போனால் எங்கோ கசிகிறது. அடாப்டர் பக்கம் 5 இருந்து கனெக்டரில் மட்டும் இறங்கினால் குற்றம் வயரில். இரண்டு இடத்திலும் சேர்ந்து இறங்கினால் அடாப்டர் பற்றவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கன்வெர்ட்டர் சிப், வயர் முனைகள், டெர்மினல் திருகுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை பாக்கி.

ப்ரோகிராமிலும் இரண்டு உபகாரம் செய்யலாம். தொடங்கும்போது மூன்று சர்வோவையும் ஒரே நொடியில் எழுப்பாமல், அரை நொடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எழுப்புங்கள். 0 டிகிரி, 180 டிகிரி என்று ஓரம்வரை விரட்டாமல் 10-க்கும் 170-க்கும் நடுவில் வேலை வாங்குங்கள். ஓரத்தில் உள்ளே முட்டிக்கொண்டு "ங்ங்" என்று முனகும் சர்வோ சும்மா நின்றபடியே ஸ்டால் கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

சர்வோ எண்ணிக்கை கூடினால், சர்வோக்களுக்குச் சிக்னல் கொடுக்கும் பிசிஏ9685 போர்டு வசதி, 16 சர்வோ வரை மாட்டலாம். அதில் சர்வோவுக்கான பவர் பச்சைத் திருகு டெர்மினலில், சிப்புக்கான பவர் வேறு பின்னில். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 5 வோல்ட் அடாப்டருக்கும் 12 வோல்ட் அடாப்டருக்கும் முனை பெரும்பாலும் ஒன்றேதான், 5.5 மி.மீ. வட்ட பின். எல்லாம் முடித்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கைக்கு ஒரு நாள் ராத்திரி, மேசையில் கிடந்த கருப்பு அடாப்டரைக் கையில் கிடைத்தபடி எடுத்துச் செருகினேன். அது 12 வோல்ட். விரல் பக்கத்து எஸ்ஜி90-இலிருந்து ஒரு நூல் போலப் புகை எழுந்தது, பிளாஸ்டிக் கருகும் வாசனை அடுத்த நாள் காலைவரை அறையில் இருந்தது. இப்போது என் அடாப்டர்கள் ஒவ்வொன்றிலும் முனைக்குப் பக்கத்திலேயே வெள்ளை டேப் சுற்றி, மார்க்கரால் பெரிதாக 5 அல்லது 12 என்று எழுதி வைத்திருக்கிறேன். செருகும் சாக்கெட்டின் மேலும் அதே எண். பெட்டியை மூடுவதற்கு முன் நீங்களும் அதை எழுதிவிடுங்கள்.